முதல் வரிசை, பதினான்கு

அகிதா அரங்கில் ஆயிரத்து நானூற்று இரண்டு இருக்கைகள்.
விளம்பரம் தந்த சாக்கே கம்பெனிக்கு அறுபது.
ஒலியமைப்பாளரின் மேசை விழுங்கியது இருபத்து நான்கு.
தூணுக்குப் பின்னால் பதினெட்டு,
அங்கே பாட்டு கிடைக்கும்
பாடுகிறவர் கிடைக்கமாட்டார்.
பொதுவிற்பனை போக
ரசிகர் மன்றத்துக்கு முந்நூற்று எண்பது.
விண்ணப்பம் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
இந்தக் கழித்தல் கணக்குக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

நான் இடம் கொடுப்பதாக நினைக்கிறார்கள்.
நான் ஒரு பொத்தானை அமுக்குகிறேன்,
மேலாளர் குராமோச்சி சாட்சியாக நிற்க.
குலுக்கல் முடியப் பதினோரு விநாடி.
பிறகு மூன்று வாரம் தொலைபேசி.

"இருபத்திரண்டு வருஷமாகச் சந்தா கட்டுகிறேன்.
போன மாதம் சேர்ந்த என் நாத்தனாருக்கு
மூன்றாம் வரிசையா?"
ஆமாம் அம்மா.
இயந்திரத்துக்கு மூப்பு தெரியாது.
பந்திக்கு முந்தியவருக்கு
இலை எங்கே விழும் என்பதும் தெரியாது.

உறுப்பினர் எண் நாற்பத்தொன்று வேறு மாதிரி.
இஸோகாய் தோமியே, ஓகா,
மீன் ஆலையில் இரவு முறை.
விண்ணப்பத்தின் குறிப்புக் கட்டத்தில்
பதினெட்டு ஆண்டுகளாக ஒரே வரி:
கடைசி வரிசை, கதவோரம் தந்தால் நலம். 8.40 ரயில்.

குறிப்புக் கட்டத்தை இயந்திரம் படிக்காது.
நான் படிப்பேன், படித்துவிட்டு மூடிவிடுவேன்.
ஆனாலும் பாருங்கள்,
இத்தனை ஆண்டும் அவருக்குப் பின்வரிசையே விழுந்தது,
சும்மா, தற்செயலாக.
யாரோ தன் சொல்லைக் காப்பாற்றுகிறார்கள் என்று நம்பி
புத்தாண்டுதோறும் அலுவலகத்துக்கு
உலர்ந்த கணவாய் ஒரு பொட்டலம் அனுப்புவார்.
மறுத்ததில்லை.
தின்றிருக்கிறேன்.

இந்த முறை விழுந்தது
முதல் வரிசை, பதினான்கு.
மைக்குக்கு நேர் எதிர்.

அன்றைக்கே அழைத்தார்.
"நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?"
இருக்கை மாற்றம் இல்லை, பதினேழாம் விதி.
கள்ளச்சீட்டுக்குப் பயந்து
அதை எழுதியவனே நான்தான்.
அதையே அவருக்கு வாசித்தேன்,
நாக்கில் கணவாயின் உப்பு கரிக்க.

கச்சேரியன்று கடைசிக் கதவில் நின்றேன்.
எட்டேகால்.
மினேகாவா அந்த மெதுவான பாட்டின்
இரண்டாம் அடியில் இருந்தார்.
முதல் வரிசை நடுவில் ஒரு தலை எழுந்தது.
தாழ்ந்த நிலைப்படியில் நுழைகிறவர் மாதிரி
முதுகை வளைத்து,
முழங்கால் முழங்காலாக மன்னிப்புக் கேட்டு,
அரங்கின் முழு நீளமும் நடந்து வந்தார்.
ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.
பாட்டை நிறுத்தாமல்
மினேகாவாவும் பார்த்தார்.

கதவைத் திறந்துவிட்டேன்.
என்னை யாரென்று அவருக்குத் தெரியாது.
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"முன்னால் உட்கார்ந்தால்
அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது.
எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்."
பிறகு பனியில் ஓடினார்.
ரயிலைப் பிடித்தாரா, தெரியாது.

பதினான்காம் எண் மட்டும்
கடைசிவரை மேடை வெளிச்சத்தில் கிடந்தது.
காலி இருக்கையை நிரப்பவும் விதி இல்லை.

புத்தாண்டுக்குக் கணவாய் வந்தது,
வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலம்.
அதை இன்னும் பிரிக்கவில்லை.

இன்று மாலை ஐந்து மணி.
நாற்பத்தொன்றின் குறிப்புக் கட்டத்தில் அதே வரி.
குராமோச்சி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.
பொத்தானை அமுக்குகிறேன்.
ஒன்று, இரண்டு,
மூன்று.