கணகாட்டு வெமு

திருவனந்தபுரத்தைப் பார்த்துத் திருப்பினால் புள்ளிமழை.
கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பினால்
யாரோ இந்தியில் செய்தி வாசிப்பார், அவருக்குள் இன்னொருவர்
நிழலாக வாசிப்பார்.
கடலைப் பார்த்துத் திருப்பினால்தான்
திசையன்விளையில் எங்கள் வீட்டுக்குப் படம் வரும்,
அக்கரைப் படம், அக்கரைப் பாஷை.

அண்ணன் சுயம்பு மொட்டைமாடியில்
ஆன்டெனா பைப்பைக் கட்டிப்பிடித்து நிற்பான்.
நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்துவேன்.
"தெரியுதாளா?"
"தலை மட்டும்."
"இப்ப?"
"ரெண்டு தலை."
"இப்பளா?"
"ஆங், அங்கேயே நில்லுண்ணே, கைய எடுக்காத!"

கையை எடுத்தால் போய்விடும்.
அதனால் பல ஞாயிறுகள் அவன் படமே பார்த்ததில்லை,
வெயிலில் நின்று நான் சொல்லச் சொல்லக் கேட்டான்.
நானும் இஷ்டத்துக்குச் சொன்னேன்:
கரடி அழுவுது. பூனை பட்டுச்சேலை கட்டுது.
பூனை கல்யாணத்துக்குப் போவுது.
பூனை எங்கேயும் போகவில்லை.
ஒரு கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

சிலநேரம் எல்லாம் அறுந்து திரை நீலமாகிவிடும்.
முறுக்குப் பிழிந்ததுபோல் ஒரு வரி எழுத்து.
ஒரு பெண்குரல், அவசரமே இல்லாமல்:
பாதாவட்ட கணகாட்டு வெமு.
கொஞ்ச நேரத்தில் பூனை திரும்பி வந்துவிடும்.
பிறகென்ன, அது மந்திரம்தானே.

கரண்டு போனால் சொன்னோம். வந்தது.
உவரி விசாகத்தில் வாங்கிய தகரத் தவளை
மறுநாளே ஸ்பிரிங் விட்டுப் படுத்தபோது சொன்னோம்.
குதிக்கவில்லை.
நான் வாய்க்குள் சொன்னதால்தான் என்றான் அண்ணன்.
ஜெபசிங் சலூனில்
எட்டணா வாடகைக்குக் கிடைக்கும் சித்திரக் கதைகளில்
யார் யார் முடியோ ஒட்டியிருக்கும், கடைசித் தாள் இருக்காது.
துப்பறியும் ஆள் பாறை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்குவான்.
அவனுக்கும் சொன்னோம்.
இன்னும் தொங்குகிறான்.

பம்பாயிலிருந்து அப்பாவின் மணியார்டர் வராத மாதம்
தபால்காரர் சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி
அண்ணன் ஏழுதடவை சொன்னான்.
சைக்கிள் முனை திரும்பிய பிறகு
எட்டாவதாக நான் சொன்னேன், சத்தமாகவே.

இப்போது மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பில் கவுன்டர்.
நேற்று சர்வர் நின்றுபோனது.
டோக்கனோடு நாற்பது பேர் முறைத்துக்கொண்டிருக்க
என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.
பக்கத்து நாற்காலி நிலந்தி, மாத்தறைக்காரி,
விருட்டென்று திரும்பினாள்.
இதை எங்கே படித்தாய் என்றாள். சொன்னேன்.
கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
தடங்கலுக்கு வருந்துகிறோம்.
அவ்வளவுதானாம்.

அந்த வருஷங்களில் எங்களுக்குத் தடங்கல் ஜாஸ்தி என்றாள் பிறகு.
அப்போது சிரிக்கவில்லை.
நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்,
சர்வர் வந்துவிட்டது.
டோக்கன் நாற்பத்தொன்று.

ராத்திரி அண்ணனைக் கூப்பிட்டேன்.
வள்ளியூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்,
யாருடைய போனையோ பிரித்துப்போட்டுவிட்டு
அதற்குமேல் குனிந்தபடிதான் பேசுவான்.
"ண்ணே, அது மந்திரம் இல்லியாம்.
மன்னிப்பு கேட்டிருக்காவ."
சத்தமே இல்லை.
சிக்னல் போய்விட்டதென்றே நினைத்தேன்.
"இருக்கட்டும்ளா," என்றான்.
"கரண்டு வந்துச்சுல்லா?"

வைக்கப்போகும் நேரத்தில் கேட்டான்:
"அந்தப் பூனை, பட்டுச்சேல கட்டி கல்யாணத்துக்குப் போச்சே,
அது பேரு என்னளா?"

யோசிக்காமல் ஒரு பெயர் சொன்னேன்.

"ஆமா ஆமா," என்றான்.
"அதேதான்."