சாலை மட்டம்

பெருமாள் மேஸ்திரி வீதியில் என் வீட்டுக்கு
ஐந்து படிகள் இருந்தன.
பத்திரத்திலேயே இருக்கிறது:
தெருமட்டத்துக்கு மேல் மூன்றடி. வருஷம் ஐம்பத்தெட்டு.
இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும்.

வீடு இறங்கவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
சாலைதான் ஏறிக்கொண்டே வந்தது.

எழுபத்தொன்றில் ஒரு பூச்சு.
எமர்ஜென்சியில் ஒன்று. அது ஒழுங்காய் நின்றது,
சொன்னால் மகள் முறைக்கிறாள்.
எண்பத்தொன்றில் தமிழ் மாநாடு,
ஊரே வெள்ளையடித்துக்கொண்டது,
எங்களுக்கும் இரண்டு விரற்கடை தார்.
பிறகு தேர்தலுக்குத் தேர்தல்.
கரைவேட்டி மாறும், கலவை லாரி அதே தவசியுடையது.
கடைசியாக ஸ்மார்ட் சிட்டி என்று பலகை நட்டு ஒரு சாண்.
பலகையை மாடு சாய்த்துவிட்டது.
சாண் இருக்கிறது.

ஒருவரும் பழையதைச் சுரண்டி எடுக்கவில்லை.
சுரண்ட நிதி இல்லையாம்.
கொட்ட இருந்தது.

எதிர்வீட்டு இஸ்மாயில் ராவுத்தர்
ஹரியானாக்காரர்களை வரவழைத்து
நூற்றியெண்பது ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிட்டார்.
"நீங்களும் தூக்கிருங்க முதலாளி, காலத்தோட போகணும்."
தப்பு செய்யாத வீடு
எதற்கு எழுந்து நிற்க வேண்டும், ராவுத்தரே?

நான் சாலை வேண்டாம் என்பவனல்ல.
பேப்பர் கடைக்காரன், லோடு வர ரோடு வேண்டும்.
சொத்துவரியை ஏப்ரலிலேயே கட்டுகிறவன்.
ஓட்டுக்கு வந்த கவரை வாங்காததால்
பூத் ஏஜெண்டுக்கு என்மேல் வருத்தம்.
எனக்குத் தெரிந்த அரசியல் இவ்வளவுதான்:
போடுவதற்கு முன் எடு.
எடுப்பதற்கு முன்
ஏன் வைத்தார்கள் என்று கேள்.

இதையே பதினோரு மனுவில் எழுதினேன்.
என் கடைத் தாள், என் செலவு, கார்பன் பிரதியோடு.

ஐப்பசி மழையில் கவுன்சிலர் ஜெசிந்தா வந்தார்.
அவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை, அவருக்கும் தெரியும்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
என் கூடத்துத் தண்ணீரில் நின்றார்.
அறுபது வருஷத்தைக் கேள்வி கேட்க
ஒரு பேச்சே தயாராக வைத்திருந்தேன்.
"எங்க வீட்லயும் முட்டளவு சார்" என்றார்.
துண்டை எடுத்துக் கொடுத்தேன்.
பேச்சு அப்படியே இருக்கிறது.

மழை விட்டதும் கேபிளுக்குக் குழி வெட்டினார்கள்.
என் வாசலுக்கு நேரே, ஆளுயரம்.
வெட்டிய ஒடிசா பையன் டீ குடிக்கப் போன நேரம்
டார்ச்சை எடுத்துக்கொண்டு குந்தினேன்.
தார், ஜல்லி, தார், தார், சிமெண்ட், தார்.
ஒவ்வொரு ஆட்சியையும் விரலால் தொட்டுச் சொல்ல முடிந்தது.
அடியில் செம்மண் சரளை. என் ஐம்பத்தெட்டு!
முதல் படியின் கல்லும் தெரிந்தது, பாசி பிடித்து.
ஜெயித்த மாதிரி இருந்தது.

அதற்கும் கீழே
உடைந்த செங்கல், சுண்ணாம்புக் கட்டி.
அதற்கும் கீழே கறுப்புச் சேறு.
நாற்றம் குளத்து நாற்றம்.

வெள்ளைக்கார கலெக்டர் கோட்டையை இடித்து
அகழியைத் தூர்க்கச் சொன்னதும்
தூர்த்த மேஸ்திரியின் பெயரே தெருவுக்கு நின்றதும்
பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.
தினம் கதவிலக்கத்தோடு எழுதுகிற பெயர்.
ஆனாலும் அந்தச் சேற்றை
அன்றைக்குத்தான் மோந்தேன்.
மதில் வேண்டும் என்று அப்போதும் ஒருவன்
கும்பினி கச்சேரி வாசலில்
மனுவோடு நின்றிருப்பான்.
அவனுக்கு யார் துண்டு கொடுத்தார்கள்?
என் மூன்றடி உயரம்
அவன் தோற்ற இடத்தின்மேல் அளந்தது.

மறுநாள் காலை பன்னிரண்டாவது மனு.
பழைய தாரைச் சுரண்டி எடுத்தபின் புதிது போடவும்.
எவ்வளவு ஆழம் என்கிற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
ஐம்பத்தெட்டு வரை போதும் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே
வரி கட்டிய ரசீது என்னிடம் இல்லை.