பெரிய காலுக்கு அளவு

"காலையில ஷூ வாங்கப்பிடாது அக்கா.
அஞ்சு மணிக்கு வாங்க, கால் வீங்கட்டும்"
என்றான் சுனில்தாஸ்,
மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்.

வீங்கவைக்கப் போனேன்.
குழித்துறைப் பாலம்வரை, திரும்பிச்
சந்தைக்குள், வாழைச்சருகு வழுக்கும் ஈரத்தில்,
பிறகு சும்மா.

மாலையில் அளந்தான்:
வலது ஏழு. இடது ஏழரை.
"பெரிய காலுக்குத்தான் எடுக்கணும்.
சின்னது சாக்ஸ் போட்டா ஒத்துப்போயிரும்."

என் வீட்டில் நேர்மாறு.
இருபத்திரண்டு வருஷம்.

பெருவிரலுக்கு முன்னால் அழுத்திப் பார்த்தான்,
இடம் இருந்தது.
"எங்க போறீங்க?"
இன்னும் யோசிக்கவில்லை.

கடைக்குள் நாலடி போதாது,
ரோட்டில் நடந்து பார்க்கிறேன் என்றேன்.
பழைய செருப்பைப் பிணையாக வைத்துக்கொண்டான்.

எதிரே களியக்காவிளை பஸ்
உறுமிக்கொண்டு நிற்கிறது.
அந்தச் செருப்பு
அறுபது ரூபாய்கூடப் பெறாது.