எட்டாம் மாடி

க்ல்டானியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
பத்து டெட்ரி விழுங்கினால்தான் மேலே போகும்.
இறங்கக் காசில்லை.
எந்த மாடி என்று சொல்லும் விளக்கு
மார்ச் மாதம் கருகிப்போனது.
அதற்குப் பிறகு கதவு திறக்கும்போதெல்லாம்
வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து
ஆறா, ஏழா என்று கணக்கிட்டார்கள்.

கூட்டம் போட்டார்கள்.
மருந்துக்கடை லமாராவுக்கு ஒயர் வேலை தெரியும்,
என் ஹேர் டிரையரைப் பிழைக்கவைத்தவள் என்றது ஒரு குரல்.
பொருளாளர் ஜும்பேர் இருபது லரியை
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
நான் முதல் மாடிக்காரி.
அந்தப் பெட்டிக்குள் நான் ஏறி மூன்று வருஷம் இருக்கும்.

எலியாவா சந்தையில்
தீப்பெட்டி அளவு எண்காட்டி ஒன்று,
பிஸ்கட் அளவு மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று.
எண்காட்டிக்கு ஏழு கோடுகள்:
தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று,
பக்கத்துக்கு இரண்டாக நான்கு.
ஓரத்தில் ஒரு புள்ளியும் உண்டு.
மாடிக்கு அரைக்கணக்கு கிடையாது,
அதன் காலை மட்டும் மடக்கிவிட்டேன்.

திராட்சைக் கொடிபோல் சுருண்டு சுருண்டு போகும்
எங்கள் எழுத்தில் ஒன்றைக்கூட
இந்த ஏழு குச்சிகளால் எழுத முடியாது.
எண் மட்டும் வரும்.
அதுவும் கெஞ்சினால்தான்.

முதல் இரவு ஒன்றுமே எரியவில்லை.
பொதுக்காலைத் தரையோடு இணைத்திருந்தேன்,
அதுவோ பிளஸ்ஸைக் கேட்கிற ஜாதி.
மாற்றினேன். எரிந்தது,
ஆனால் தலைகீழ் நியாயத்தில்:
ஒன்று என்றேன், மூன்று பல் சீப்பைக் காட்டியது.
பூஜ்ஜியம் என்றேன், இடுப்பில் ஒரே ஒரு கோடு.
ஒன்பதுக்கு, இடது கீழ் மூலையில் ஒரு சிவப்புக் கீறல்.
எட்டு என்றேன்,
இருட்டு.

ஏழுக்கும் "எரி" என்று சொன்னால்
ஏழும் அணைகிற வீடு.
இதில் எரிய வேண்டுமென்றால்
காலைக் கீழே இழுக்க வேண்டும்,
பூஜ்ஜியம் எழுத வேண்டும்.
நள்ளிரவில் அதைப் புரிந்துகொண்டு
தனியாகச் சிரித்தேன்.
மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

இரண்டாம் தவறு சோம்பேறித்தனம்.
ஏழு கோட்டுக்கு ஏழு தடை போடாமல்
பொதுக்காலில் ஒன்றே ஒன்று போட்டேன்.
வழியில் வருகிற ஒரு வாளித் தண்ணீரை
எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று.
லிஃப்டில் மாட்டினோம்.
ஒன்று பளீரென்று நின்றது, இரண்டே கோடு.
ஏழு சுமார்.
எட்டு, காய்ச்சல்காரன் கண்போல.

எட்டில் இருப்பவள் இஸோல்டா.
சுகுமியிலிருந்து வந்து முப்பது வருஷமாகியும்
சாவியைக் கையிலேயே பிடித்திருப்பாள், பையில் போடமாட்டாள்.
எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எங்கள் மாடி மட்டும் அழுதுகொண்டிருக்கிறதே?"
கோபமில்லை.
வானிலை கேட்பதுபோலக் கேட்டாள்.

கட்டடத்தில் ஓமின் விதியை
அவளிடம் விளக்கத் துணியவில்லை நான்.
மறுபடி எலியாவா.
முந்நூற்று முப்பது ஓம், ஏழு தடைகள்,
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது,
எல்லாம் சேர்த்து ஒரு ரொட்டி விலைகூட இல்லை.
ரசீது கொடுக்க மறுத்தான் கடைக்காரன்.
என் காசு.

பற்றவைக்கும்போது ஒரு சொட்டு ஈயம்
கட்டைவிரலில் விழுந்தது.
இன்னும் தழும்பு இருக்கிறது,
எந்த எண்ணின் வடிவமும் இல்லை அதற்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை
இஸோல்டாவோடு நானும் ஏறினேன்.
நாணயம் அவளே போட்டாள், என்னைப் போடவிடவில்லை.
ஒவ்வொரு மாடியிலும் காந்தம் ஸ்விட்சைத் தொட
எண் தாவியது.
ஐந்து. ஆறு. ஏழு.
பிறகு ஏழு கோடும் ஒரே வெளிச்சத்தில்,
குறை ஒன்றும் சொல்ல முடியாத எட்டு.

கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.
கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இருப்பதிலேயே அதிக மின்சாரம் தின்கிறது எங்கள் மாடிதான், இல்லையா?
ஜும்பேரிடம் சொல்லிவிடாதே.
அதற்கும் காசு கேட்பான்."

சொல்லவில்லை.
இரண்டே கோட்டில் பிழைக்கிறவள் நான்.
இறங்குவதற்குக் காசில்லையென்றாலும்
படியில் நடந்தே வந்தேன்.