ஒரு ‘ப்’ கூடுதல்

செவ்வாய் மதியம் செய்தி வந்தபோது
செல்வின் யாருடையதோ ரேஷன் கார்டை
நகலெடுத்துக்கொண்டிருந்தான்.
தாராவித் தொண்ணூறடிச் சாலையில்
அவன் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
இரும்பு ஏணியில் பதினோரு படி ஏறினால்
எங்கள் பதிப்பகம்.
நிமிர்ந்து நிற்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

ஜெபக்கனிக்கு விருது.
ஊர்ப்பக்கம் ஏதோ ஓர் அறக்கட்டளை.
பதினைந்தாயிரம் ரூபாய், சால்வை,
யானை பொறித்த கேடயம்.
செல்வின் கீழிருந்தே கத்தினான்.
ரேஷன் கார்டுக்காரருக்கு அன்று காசு வாங்கவில்லை.

முந்நூறு பிரதி போட்டோம்.
எண்பத்தெட்டு விற்றது.
மீதி இருநூற்றுப் பன்னிரண்டும்
ஒழுகும் கூரைக்குக் கீழே நீலத் தார்ப்பாய்க்குள்.
அட்டையில் ஒட்டப் பொன்னிற ஸ்டிக்கர்
அடிக்கக் கொடுத்திருக்கிறான், என்னிடம் காட்டாமலே.
‘மூணே வார்த்தைதானே அண்ணே,
இதுக்குமா புரூஃப்?’

*விருதுப் பெற்ற நூல்.*

பகலில் குர்லாவில் டிக்கெட் கவுண்டர் எனக்கு.
பத்தொன்பது வருடமாக, லோக்கலில் ஒரு கையால் தொங்கியபடி,
வல்லினம் மிகுமா மிகாதா என்ற யோசனையில்
இறங்கவேண்டிய நிலையத்தை விட்டவன்.
அந்த ‘ப்’ கண்ணில் பட்டதும்
சோற்றில் கல் கடிபட்டது.

ஒட்டி முடித்திருந்தான், எல்லாவற்றிலும்.
மறுநாள் மாலை விழா.
அச்சகத்துக்காரர் போனை எடுக்கவில்லை, மழை.
ஆளுக்கொரு பிளேடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.
எழுத்து சீக்கிரம் உரிந்தது.
மேலே இருக்கும் புள்ளிதான் அடம்.
நூற்று நாற்பதாவது புத்தகத்தில் செல்வின் கேட்டான்:
‘உண்மையைச் சொல்லுங்க,
இது யாருக்காவது தெரியுமா?’
நான் பதில் சொல்லவில்லை.
தெரியாது என்பதுதான் பதில்.
அவனும் பிளேடைக் கீழே வைக்கவில்லை.

மாட்டுங்காவில் அந்த ஹால் எங்களுக்கு ஐந்திலிருந்து ஏழுவரை.
ஏழரைக்கு யாருக்கோ நிச்சயதார்த்தம்.
அலங்காரக்காரர்கள் முன்னாடியே வந்து
தெர்மோகோல் இதயங்களை மாட்டிவிட்டார்கள்.
அதன்மேல்தான் எங்கள் பேனரைக் கட்டினோம்.
காற்றடிக்கும்போதெல்லாம் ஓர் இதயம் எட்டிப்பார்த்தது.
வந்தவர்கள் இருபத்தாறு பேர்,
அதில் ஆறு பேர் மாப்பிள்ளை வீட்டார்,
நேரம் தெரியாமல் வந்தவர்கள்.
எங்கள் வடையைத் தின்றார்கள்.
அவர்களில் ஒரு பெண், கொலுசு போட்டவள்,
சில்லறை தேடி ஒரு பிரதி வாங்கினாள்.

ஜெபக்கனி பணி முடிந்து நேராக வந்தாள்.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை.
கழுத்தில் அடையாள அட்டை, முழங்கால்வரை ஈரம்.
வாழ்த்துரை சொல்ல வந்தவர்
முக்கால் மணி நேரம் தன்னையே வாழ்த்திக்கொண்டார்.
அவள் பேசியது நான்கு நிமிடம்.

‘ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட
இந்தியில் ரெண்டே வாக்கியம் சொல்வேன்:
மூச்சைப் பிடிங்க. விடுங்க.
ஒரு ராத்திரி அசதியில் தமிழில் சொல்லிட்டேன்.
நாலு நாளா யார்கிட்டயும் வாய் திறக்காத மனுஷன்,
பேர்கூடத் தெரியாமக் கொண்டுவந்து போட்டிருந்தாங்க,
“பிடிச்சிருக்கேம்மா”ன்னார்.
அன்னைக்கு எழுத ஆரம்பிச்சது.’
கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்
எல்லோரும் சற்று நேரம் சும்மா இருந்தோம்.
பிறகு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பிரதியை
டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.
கண்ணைச் சுருக்கினாள்.
விருதுக்கும் பெற்றதுக்கும் நடுவே
பல் விழுந்த இடம்போல ஒரு வெளுப்பு.
‘இங்க ஏதோ எடுத்திருக்கீங்க’ என்றாள்.
செல்வின் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டான்.
நான் இலக்கணம் சொன்னேன்.
‘சரி, ஆறிடும்’ என்றாள்.

அன்று விற்றது பத்தொன்பது.
மறுநாள் காலை கவுண்டரில்
என் கட்டைவிரல் நகத்தில் ஒரு பொன் துணுக்கு,
எழுத்தில்லை, வெறும் புள்ளி.
டிட்வாலா ரிட்டர்ன் கேட்டவரின் டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டு
வரிசையைத் தாண்டிப் போய்விட்டது.