பி பக்கம், நாலாம் பாட்டு

ஆயுத பூஜைப் பொரியைக் கூட்டி முடிக்குமுன்
குன்னூரில் எங்கள் கடை வாசலுக்கு
மேட்டுப்பாளையம் லாரியில் வந்து இறங்கிவிடும்
சிவப்புக் குல்லாய்ப் பெட்டிகள்.

டிசம்பருக்குள் போஜராஜ்
கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து
பனி செய்து முடித்திருப்பான்.
கேத்திப் பள்ளத்தில் அவன் அப்பாவின் அரை ஏக்கர் கேரட்டை
நேற்று ராத்திரி நிஜப்பனி கருக்கிவிட்டது.
"அக்கா, இது வெள்ளையா இருக்கா?" என்கிறான்.
இருக்கிறது.

ஒரு நாளைக்குப் பதினோரு தடவை
சுற்றி வருகிறது அந்த ஆல்பம்.
பில் போடுகிறவள் எண்ணாமல் இருப்பாளா.
அதுவும் அது எங்கள் ஆல்பம்.

தொண்ணூற்று மூன்று.
பகலில் லாரி உறுமும் என்று
ராத்திரி பதினொன்றுக்கு மேல் கோயிலில் பதிவு.
ஆஸ்பத்திரி மெத்தைகளைக் கடன் வாங்கி
ஜன்னல்களில் கட்டினோம்.
கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒலிப்பதிவுக்காரர்
இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்க,
அவருக்காக ஒரு கரிச்சட்டி வைத்தோம்.
அதன் புகை
மெல்லச் சுற்றி, ஆல்டோ வரிசையின் ஓரத்தில்
என்னைக் கண்டுபிடித்தது.

நாலாம் பாட்டு, இரண்டாம் சரணம்.
எல்லாரும் 'தொழுவத்தில்' என்று இழுத்து நிறுத்திய இடத்தில்
ஒரே ஒரு இருமல்.

"டேப் தீரப்போகுது, விடு" என்றார் ஆசீர் மாஸ்டர்.
"மாட்டுத் தொழுவத்துல
யாரும் இருமாமலா இருந்திருப்பாங்க?"

விற்றோம். நாங்களும்தான் விற்றோம்.
கோயில் கூரைத் தகரத்துக்குப் பணம் வேண்டியிருந்தது.
இத்தனை மலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு
அட்டைப்படத்துக்குக் காலண்டரிலிருந்து
சுவிட்சர்லாந்து மலையை வெட்டி ஒட்டினோம்.
வீடு வீடாகப் பாடப்போன ராத்திரிகளில்
சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் பையைத் திறப்போம்:
கேசட் முப்பத்தைந்து. பேரம் பேசினால் முப்பது.
அதனால் இந்தக் கடையைத் திட்ட
எனக்கு வாய் இல்லை.

அந்த இடம் வரும்வரை அடக்கிக்கொண்டிருந்து
வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து இருமுவார்களாம்.
என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள்
முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:
"அந்த இருமல் நீதானாம்மா?
இப்ப சரியாயிடுச்சா?"

இந்த வருஷம் புதுப்பதிப்பு.
யாரோ வாங்கி, யாரோ துடைத்து
ஓடாத வண்டி ஒன்றின் மணிகளை
எல்லாப் பாட்டிலும் குலுங்க விட்டிருக்கிறார்கள்.
இருமல் இல்லை.
அதற்குச் சற்று முன்னால்
எப்சிபா அக்கா இழுத்த மூச்சும் இல்லை.
அக்கா போய் ஆறு வருஷம்.
என் இருமல் போகட்டும்,
அந்த மூச்சை விட்டிருக்கலாம்.

பாட்டு முடிந்ததும் ஒரு பெண்குரல்:
இரண்டு கிலோ பிளம் கேக்குக்கு
ஒரு குல்லாய் இலவசம்.
அவளுக்குத் தொண்டை கமறியதே கிடையாது.

இன்று சாயங்காலம், எட்டாவது சுற்று.
வரிசையில் மஃப்ளர் சுற்றிய ஒருவர்.
இரண்டாம் சரணம் வந்ததும்
பழக்கத்தில் என் கை திராட்சைப் பாக்கெட்டின் மேல் நின்றது.
'தொழுவத்தில்' —
அவர் இருமினார்.
அதே இடம். ஒரே ஒரு தடவை.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.
எந்த வீட்டுப் பிள்ளையோ, தெரியவில்லை.
கூடையில் ரவை, உலர்திராட்சை, ஒரு பட்டை இருமல் மிட்டாய்.
வெறும் சளியாகவும் இருக்கலாம்.

மீதி மூன்று ரூபாய்.
சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுப்பது கடை வழக்கம்.
கல்லாவைக் கிளறி
மூன்று ஒற்றை ரூபாய்களைத்
தேடி எடுத்துக் கொடுத்தேன்.