மாடி லைட்

கம்பத்தில் ஏறித்தான் போவார் என்று
இருபத்தாறு வருஷம் பயந்திருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் மலையைப் பார்த்துப் பயந்தேன்.
இரண்டும் இல்லை.
குமாரசாமிப்பேட்டை சலூனில்
சாய்ந்த நாற்காலியில்
பாதி முகம் மழித்திருந்தபோது போனார்.
மீதிப் பாதியை
வீட்டுக்கு வந்து முடித்துக் கொடுத்தார் கடைக்காரர்.
காசு வாங்கவில்லை.
கத்தியைத் துடைக்க மட்டும் ஒரு துணி கேட்டார்.

லைன்மேன் முனிரத்தினம் என்றால்
செட்டிக்கரை வரைக்கும் தெரியும்.
ஆறு நாள் ஊர்க் கரண்டுக்கு,
ஏழாம் நாள் வத்தல்மலைக்கு.
ரோடு இல்லாத காலத்தில் நடந்து ஏறியவர்
ரோடு போட்ட பிறகும் நடந்தே ஏறினார்.
"பஸ்ஸுல போனா காலுக்கு என்ன தெரியும்?"

திரும்பி வரும்போது பேண்ட் முழுக்க ஒட்டுப்புல்.
நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க
பார்த்ததைச் சொல்வார்:
சாமை கதிர் வைத்துவிட்டது,
கீரி ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது,
பேர் தெரியாத ஒரு பறவை
தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
"தன்னையே எப்படிக் கூப்பிடும்?"
"பதிலும் அதுவே சொல்லுச்சே."

ஒரே ஒரு முறை, "வர்றியா?" என்றார்.
"மாவு அரைக்கணும்" என்றேன்.
அப்புறம் கேட்கவில்லை.
மலையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக
என்னிடம் இறக்கினார்.
துண்டில் முடிந்த சீத்தாப்பழம்,
எண்ணெய் டின்னில் நட்ட காப்பிச் செடி.
அது ஒரு தடவை பூத்தது. காய்க்கவில்லை.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்த சமயம்
ஆறு ஞாயிறு மலை ஏறவில்லை.
பூவிழிக்குத் தலை பின்னியதும் அவர்தான்,
பீங்கானில் கம்பி கட்டுகிற மாதிரி இறுக்கி.
சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது.
தலை வலிக்கிறது என்று அழுவாள்;
அம்மா பின்னட்டுமா என்றால்
வேண்டாம் என்று அதற்கும் அழுவாள்.

செல்போன் வாங்கிய வருஷம் தொடங்கிய பழக்கம் இது.
கடைசி வளைவுக்கு மேலே ஒரு பாறை,
அங்கேதான் டவர் கிடைக்கும்.
இருட்டுகிற நேரத்தில் கூப்பிடுவார்.
"மாடி லைட்டைப் போடு."
போடுவேன்.
"தெரியுது. இறங்கறேன். களி கிண்டு."
அவ்வளவுதான் பேச்சு.
குண்டு பல்பு போய் டியூப்லைட் வந்தது,
அதுவும் போய் எல்இடி வந்தது.
"நெஜமாவே தெரியுதா?" என்று கேட்டதற்கு
"எந்த ஃபீடர் எந்தத் தெருன்னு
தெரியாதவனா நானு?" என்றார்.
நம்பினேன். லைன்மேன் ஆயிற்றே.

காரியம் முடிந்து,
வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ்
மூன்று தடவை அலைந்து,
மாசிக் கடைசியில் ஒரு நாள்
பூவிழி வண்டியை எடுத்தாள். "வாம்மா."
அன்றைக்கும் மாவு இருந்தது.
ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஏறினேன்.

பாறை வெயில் ஆறாமல் சுட்டது.
கீழே தர்மபுரி,
கைதவறிக் கொட்டிய பொரி மாதிரி.
பைபாஸில் லாரிகள் மட்டும் நகர்ந்தன.
எது எங்கள் பேட்டை, எது பஸ் ஸ்டாண்டு,
ஒன்றும் பிடிபடவில்லை.
கவியரசுக்குப் போன் போட்டேன்.
"மாடி லைட்டைப் போடுடா."

கீழே எதுவும் மாறவில்லை.
ஒரு புள்ளி கூடவில்லை.

பதினெட்டு வருஷம்.
சிரிப்புதான் முதலில் வந்தது.
திருட்டு மனுஷன் என்று சத்தமாகவே சொன்னேன்.
பூவிழி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்,
நான் அழுகிறேன் என்று நினைத்து.
அப்புறம் அதுவும் உண்மையானது.

போனில் பையன் இன்னும் இருந்தான்.
மாடியில் தனியாக நிற்கிறான்,
பத்தொன்பது வயது,
அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு.
"அம்மா, போட்டுட்டேன். தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.
"இறங்கறோம்.
அடுப்புல தண்ணி வை."